பீரோ பக்கத்து இடம்

போன மாசம் ஆபீசில் குரூப் போட்டோ எடுத்தார்கள். உயரமானவர்கள் எல்லாம் பின்னால் போங்கள் என்று போட்டோக்காரர் சொன்னதும் நான் பழக்கதோஷத்தில் முன் வரிசைக்குப் போய் நின்றுகொண்டேன். பின்னாலிருந்து ஒருத்தி தோளைத் தட்டினாள். மறைக்கிறேனாம். நான்தான் குள்ளமாச்சே என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. எங்கள் பிரிவுப் பெண்களில் நான்தான் உயரமாம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

முப்பதை எட்டிப் பார்க்கிற வயதில், நான் உயரமானவள் என்பதை ஒரு போட்டோக்காரர் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் தண்டையார்பேட்டைக்கு மெட்ரோவில் வருகிறபோது ஜன்னல் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரை வைத்து நான் குள்ளம்? யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான். அக்கா. என் பெரியம்மா பெண். அவள் என்னைவிட அரை ஜாண் உயரம். அந்த அரை ஜாணை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் என்னை நானே அளந்திருக்கிறேன். அங்கிருந்து என்னைப் பற்றி நான் நம்பியதெல்லாம் நூல் பிரிகிற மாதிரி பிரிய ஆரம்பித்தது. நான் நிதானம், நான் கணக்கில் மக்கு, நான் மீன் தலை சாப்பிட மாட்டேன், எனக்குக் கையில் பலம் கிடையாது. இதையெல்லாம் எனக்கு யார் சொன்னது?

நம்ம செட்டு ஆட்களே, உங்களுக்கும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பையன், அத்தை மகள், கூடவே டியூஷன் படித்த யாரோ. அவரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நான் சொல்லப்போவது எங்கள் ராயபுரத்து வீட்டில் ஒரு கோடை லீவில் நடந்தது.

ஒரே வரிசை வீட்டில் முன் போர்ஷன் பெரியம்மாவுக்கு, பின் போர்ஷன் எங்களுக்கு. அக்காவும் நானும் ஒரே மாசத்தில் பிறந்தவர்கள். சில நாள்தான் அவள் மூத்தவள். ஆனால் பெரியம்மா விடவில்லை. "பேரு சொல்லிக் கூப்புட்டே, வாயில சூடு வெப்பேன். அக்கான்னு கூப்புடு." கிறிஸ்துமஸுக்கு ஒரே தானில் வெட்டின துணி, ஒரே தையல்காரர், ஒரே மாதிரி கழுத்து. பூசை முடிந்து கோயில் படியில் நிற்கவைத்தால் போதும், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்வையாலேயே தராசு பிடித்துவிடுவார்கள். மூத்தது துடிப்பு, சின்னது அமுக்கு. மூத்தது வளந்துடுச்சி, சின்னது அப்படியே கீது. யாரும் கெட்ட மனதோடு சொன்னதில்லை. குழந்தைகளிடம் பேச அவர்களுக்கு வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

நாங்களும் அதை வாங்கிக்கொண்டு உலகத்தையே ரெண்டாகப் பங்கு போட்டுக்கொண்டோம். கணக்கு அவளுக்கு, தமிழ் எனக்கு. வஞ்சிர மீன் தலை அவளுக்கு, வால் எனக்கு. எனக்குத் தலை பிடிக்குமா பிடிக்காதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அது அக்காவின் இலாகா. அவளும் கதைப் புத்தகம் பக்கமே வர மாட்டாள். அது என்னுடையது.

இந்தப் பங்கில் சிக்காத ஒரே சாமான் கேரம் போர்டு.

ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா, மூடிப்போன ஒரு மன்றத்திலிருந்து தலைமேல் தூக்கிக்கொண்டு வந்த போர்டு அது. ஓரக்கட்டை எல்லாம் கறுத்து, நடுவில் எத்தனையோ பேர் விரல் தேய்த்துத் தேய்த்து மினுமினுவென்று இருக்கும். பெரியம்மா வீட்டு உள்ளறையில் ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்திருந்தோம். போரிக் பவுடர் ஒரு பழைய முகப்பவுடர் டப்பாவில். ஸ்ட்ரைக்கர் பழுப்பேறி, ஒரு பக்கம் லேசாகச் சிதைந்திருக்கும். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி உறுமிக்கொண்டிருக்கும். தரை அதிரும்போது போர்டின்மேல் இருக்கிற காய்களும் லேசாக நடுங்கும். மீன் துறைமுகத்திலிருந்து கருவாடும் டீசலும் கலந்த காற்று. அந்த வாசனை இப்போது எங்கே வந்தாலும் என் ஆள்காட்டி விரல் தானாக மடங்குகிறது.

அறை சின்னது. போர்டுக்கு ஒரு பக்கம் கட்டில், எதிர்ப்பக்கம் இரும்பு பீரோ. கட்டில் அக்காவின் இடம். போர்டுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற சந்து என் இடம். நான் ஒல்லி, அதனால் நான்தான் அதில் நுழைய முடியும். முறைப்படி ஆடினால் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ரெண்டு பேரும் இடம் மாற வேண்டும். வீட்டில் யார் மாறுகிறார்கள்? சோற்றுத் தட்டு மாதிரி அதுவும் அவரவர் இடம்.

அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தாராளமாகப் பின்னால் இழுத்து அடிப்பாள். சுரீர் என்று ஒரு சத்தம். காய் பாக்கெட்டுக்குள் போய் விழும்போது பார்க்கிறவர்களுக்கே ஒரு திருப்தி வரும். என்னால் கையை இழுக்க முடியாது. முழங்கை பின்னால் போனால் டங்கென்று பீரோவில் இடிக்கும். அதனால் விரல் நுனியில் தொட்டு அனுப்புவேன். காய் மெதுவாக, யோசித்து யோசித்துப் போய், பாக்கெட் விளிம்பில் ஒருமுறை நின்று, பிறகு விழும். சில நேரம் விழாது.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்தபடி பார்ப்பாள். "அவ கையில இன்னா வேகம் பாரு. நீ இன்னாடி தள்ளுவண்டி கணக்கா தள்ளிகினு கீறே?" அப்படி வந்த பேர். தெருவே என்னைத் தள்ளுவண்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. ஏய் தள்ளுவண்டி, இன்னிக்கு இன்னா வியாபாரம் என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தபடியே நம்பிவிட்டேன். எனக்குக் கையில் பலம் இல்லை, அது என் பிறவி என்று.

அந்தக் கோடையில்தான் மாஸ்டர் வந்தார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்துக்கொண்டே, ரெண்டு தெரு தள்ளி ஒரு கேரம் கிளப் நடத்தியவர். லீவு முடிகிறபோது ஏரியா கிளப்புகளுக்கு நடுவே போட்டி. ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் பெண்களில் ஒரு ஒற்றையர், ஒரு ஜோடி. பெரியப்பா கூப்பிட்டதால் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே ஒரே ஒரு ஆட்டம் பார்த்தார். அக்காவைக் காட்டி, நாளையிலிருந்து அனுப்புங்கள் என்றார். என்னைப் பார்த்து, பாப்பா இன்னும் நல்லா சாப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் போக வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று இப்போது சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். கிளப்பில் அசல் போர்டு இருக்கிறது, மேலே தொங்குகிற பல்பு இருக்கிறது, முக்கியமாக அக்கா அங்கே இருக்கப் போகிறாள். அவள் இல்லாத உள்ளறையில் அந்தப் போர்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அம்மாவிடம் கேட்டேன். அம்மா துணி அலசுவதை நிறுத்தவே இல்லை. ஒருத்தி போனால் போதும் என்றாள். மறுபடி மறுபடி கேட்டதும் பக்கெட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"கோயில் வாசல்ல அளக்குறாங்க, ஸ்கூல்ல அளக்குறாங்க. அங்க வேற போயி, பத்து பேரு பாக்க, அவ பக்கத்துல உன்ன நிக்க வெச்சு அளக்கணுமா? நீ தோத்துட்டு வந்து நிப்ப. என்னால பாக்க முடியாதுடி."

அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றுதான்: நீ தோற்பாய். என் அம்மாவே நான் தோற்பேன் என்கிறாள். இப்போது அதே பேச்சை நினைத்துப் பார்த்தால் வேறு விதமாகக் கேட்கிறது. அந்தத் தராசில் அவளும்தான் நின்றிருக்கிறாள். பெரியம்மாவுக்குத் தங்கையாக, அவள் கல்யாணம், அவள் வீடு, அவள் போர்ஷன் என்று எல்லாவற்றிலும் ரெண்டாவதாக. நான் நிற்க வேண்டாம் என்று என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிடப் பார்த்தாள். பாசம்தான். தப்பான பாசம்.

அக்கா கிளப்புக்குப் போனாள். நான் வீட்டில் தனியாகப் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே என்ன நடந்தது என்று அக்கா வந்து சொல்லுவாள். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண்ணோடு அவளை ஜோடி போட்டிருந்தார் மாஸ்டர். அந்தப் பெண்ணும் பேய் அடி அடிப்பவள். ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி அடித்தால் போர்டில் காய் எல்லாம் சிதறி, ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒவ்வொரு நாளும் தோல்வி. மாஸ்டர் இன்னும் வேகமாக அடி என்பாராம். இன்னும் சிதறுமாம். அக்கா சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். தோற்றுவிட்டு வருகிற அக்காவை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நன்றாகவும் இருந்தது, நன்றாக இல்லாமலும் இருந்தது.

ஒரு மத்தியானம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் கட்டில் முழுக்க நீட்டிப் படுத்துவிட்டார். அக்காவுக்குப் பழகியே ஆக வேண்டும். கட்டில் ஓரத்தில், பெரியப்பா காலுக்குப் பக்கத்தில் நான் வேண்டுமானால் ஒண்டிக்கொள்ளலாம், அவளால் முடியாது. அதனால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பீரோ சந்துக்குள் நுழைந்தாள்.

முதல் அடிக்குக் கையை இழுத்தாள். டங். பெரியப்பா தூக்கத்தில் முனகினார். மறுபடி இழுத்தாள். மறுபடி டங். முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். அடுத்து மெதுவாக முயன்றாள், ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பி பீரோவைப் பார்த்தாள். என் முழங்கை உயரத்தில் பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, கொட்டைப் பாக்கு அளவுக்குத் துரு தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இன்னாடி இது," என்றாள், பெரியப்பா எழுந்துவிடாமல் மெதுவாக. "இத்தினி வருசமா இங்க குந்திகினா என்கூட ஆடினே?"

ஆமாம் என்றேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. என் இடம் அது, நான் அங்கே உட்கார்ந்தேன்.

"இங்கருந்து எங்கிட்ட ஜெயிச்சு வேற கீறே நீ. எத்தினியோ தபா."

அவள் போட்ட கணக்கு அது. அக்கா எப்போதும் கணக்கில் கெட்டிக்காரி. ஜெயித்த ஆட்டங்கள் என் ஞாபகத்திலேயே இல்லை. தள்ளுவண்டி ஜெயித்தால் அது ஏதோ அதிர்ஷ்டம் என்று நானே ஒதுக்கிவைத்திருந்தேன்.

அவள் அப்படியே எழுந்து போய் அம்மா முன்னால் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால். அம்மா அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அக்கா கத்தவில்லை. அவளுக்குக் கத்தத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"சித்தி, உன் பொண்ணு தோத்துருவான்னு நீ பயப்படுறே. அவ எதிர்ல இல்லாம நான் தோத்துகினு கீறேன். அத்த யாருமே பாக்கல."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். கடுகு வெடித்து அடங்கியது. அப்புறம், நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டாள்.

இங்கே நான் கிளப்பில் போய் உட்கார்ந்ததும் வெளுத்துக் கட்டினேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அதுதான் இல்லை. முதல் நாள் நான் ஆடின ஆட்டம் மகா கேவலம். பின்னால் பீரோ இல்லை, சுவர் இல்லை, கை எவ்வளவு வேண்டுமானாலும் போகும். அப்படிப் போனதில் என் விரலுக்கு அளவு தெரியவில்லை. ஸ்ட்ரைக்கர் எகிறி ஒரு பெரியவர் டீ டம்ளரில் விழுந்தது. மாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் இடம் கிடைத்தால் ஆட்டம் வரும், எனக்கு இடம் கிடைத்ததும் ஆட்டம் போய்விட்டது.

எதிரே அக்கா. அவள் கேட்டுத்தான் மாஸ்டர் எங்களை ஜோடியாக உட்காரவைத்திருந்தார். அதே முகம், வீட்டில் பார்க்கிற அதே தூரம். வீட்டில் எதிரே இருந்தால் எதிரி. ஜோடி ஆட்டத்தில் எதிரே இருந்தால் கூட்டாளி. அவள் தன் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எனக்குக் காட்டினாள். ஆட்டத்துக்கு நடுவில் பேசக் கூடாது. நானும் என் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் தொட்ட காய் தொட்ட இடத்துக்குப் போனது.

கேரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் கோட்டுக்குப் பின்னால், நம் வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற காய்தான் நமக்கு ரொம்பக் கஷ்டம். எதிரே இருக்கிறவருக்கு அதே காய் நேர் முன்னால் இருக்கும். அக்கா அடித்துச் சிதறினதில் அவள் மடிப்பக்கம் ஒதுங்கின காய் எல்லாம் எனக்கு நேரே, தொட்டால் விழுகிற மாதிரி காத்திருந்தன. என் பக்கம் வந்து ஒட்டினதை அவள் ஒரே அடியில் கொண்டுபோனாள். அவளால் முடியாதது எனக்கு முன்னால், என்னால் முடியாதது அவளுக்கு முன்னால். இவ்வளவு நாளும் எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தே பார்த்தார்கள். எதிரெதிரே உட்காரவைத்து யாரும் பார்க்கவில்லை.

கொருக்குப்பேட்டைப் பெண்தான் முதலில் சிரித்தாள். "மாஸ்டர், எனக்கு சிங்கிள்ஸ் போதும். இவ அடிச்சா காயி இவ மடியிலயே போயி ஒட்டிக்குது. அத்த எடுக்க அந்தத் தள்ளுவண்டிதான் லாயக்கு." அக்கா சொல்லிக் கிளப் வரைக்கும் போயிருந்த அந்தப் பேர் அன்றைக்கு முதல்முறையாகக் கேட்க நன்றாக இருந்தது.

போட்டி திருவொற்றியூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். ரெண்டு சுற்று ஜெயித்தோம். மூன்றாவது சுற்றில் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஜோடியிடம் தோற்றோம். அவர்கள் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரிகள், அதில் சந்தேகம் இல்லை. அம்மா வந்திருந்தாள். டிபன் கேரியரோடு வாசலில் நின்று, கடைசி வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், ரெண்டு பேரும் சாப்பிட வாங்க என்று மட்டும் கூப்பிட்டாள். தோற்ற முகத்தை அவள் பார்த்தாள். பார்க்க முடிந்தது அவளால்.

கிளம்புகிற நேரத்தில் நடுவராக இருந்தவர் எங்கள் பக்கம் வந்தார். எங்களை முன்பின் தெரியாதவர். நாங்கள் அக்கா தங்கை என்பதுகூடத் தெரியாது. என்னைப் பார்த்து, "நல்ல கைம்மா உனக்கு" என்றார்.

நான் அப்படியே நின்றேன். அதற்குப் பின்னால் இன்னொரு பாதி வரும் என்று காத்திருந்தேன். ஆனால் உங்க அக்கா மாதிரி, ஆனால் கொஞ்சம் வேகம், ஆனால் நல்லா சாப்பிடு. ஒன்றும் வரவில்லை. அவர் போர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி மட்டுமே சொல்லப்பட்ட முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஊர் மாறிவிடவில்லை. கோயில் வாசலில் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். பெரியப்பா ரிட்டயராகி சடையங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மழையில் தண்ணீர் புகுந்து, போர்டு அப்பளம் மாதிரி உப்பிப் போனது. ஸ்ட்ரைக்கர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பீரோவைப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அக்கா எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் இருக்கிறாள், நாள் பூராவும் லாரிக்காரர்களை மேய்த்துக்கொண்டு. நான் இங்கே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு. ஜோடியாக ஆடி வருஷக்கணக்காகிறது.

போட்டோ எடுத்த அன்றைக்கே அவளுக்குப் போன் பண்ணினேன். நான் உயரமாம் என்றேன். லூசு, இத்த இப்பத்தான் கண்டுபுடிச்சியா என்று சிரித்தாள். பின்னால் லாரி ஹாரன். நானும் ஒண்ணு சொல்றேன் கேளு என்றாள்.

"உனக்கு நான் அளவுகோலுன்னா, எனக்கு நீ. வேகம் வேகம்னு சொல்லிச் சொல்லி, நான் ஒரு நாளு மெதுவா நடந்ததில்ல. காய்ச்சல் வந்தாகூட துள்ளிகினு எழுந்திருப்பேன். நீ என்னிக்காச்சும் ஓங்கி அடிச்சிட்டேன்னு வெய்யி, எனக்குன்னு இன்னா மிச்சம்? அந்தப் பயம்டி."

தராசில் மேலே போன தட்டும் காற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் இடம் சின்னது என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா இல்லாவிட்டால் நான் இன்னும் சுத்தமான நானாக, யாருடைய நிழலும் விழாத நானாக இருந்திருப்பேனா? யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒரு ஆளே கிடைக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் போர்டே இல்லை. இந்த விரலும் இல்லை. ஒட்டி வளர்ந்தவர்களிடமிருந்து பிய்த்தெடுத்து என்னைத் தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. உட்கார்ந்த இடத்தை மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதைத்தான் செய்யப் போகிறோம். அடுத்த மாசம் தண்டையார்பேட்டையில் பெண்களுக்கு ஜோடி கேரம் போட்டி. ரெண்டு பேர் பெயரையும் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வருகிறாள், எனக்கு அடிக்கச் சொல்லித்தர. பதிலுக்கு நான் அவளுக்குத் தொடச் சொல்லித்தர வேண்டும். முதல் ஆட்டத்தில் என் ஆட்டத்தை அவள் ஆடுவாள், அவள் ஆட்டத்தை நான் ஆடுவேன். கண்டிப்பாகத் தோற்போம் என்றேன். "தோத்தா இன்னா, ரெண்டாவது ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்றாள், அவசரமே இல்லாமல்.

வாங்கி வைத்திருக்கிற புது ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் கனம். நேற்றே மேஜையில் வைத்துக் கையைப் பின்னால், போகிற வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். தோள் வலிக்கிறது. சனிக்கிழமை ஓங்கி அடிக்கப் போகிறேன்.